ராஜாக் கட்டத்தில் குப்பாயி

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மேலே இருந்த தண்ணீர்த் தொட்டியைக் கழுவியது. பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. தொட்டி ஆயிரம் லிட்டர். அதை எட்ட ஒன்பதடி இரும்பு ஏணி. ஏணியின் ஒரு காலில் ரப்பர் கட்டை கழன்று போயிருந்தது.

"நா புடிச்சுக்கறேன், நீ ஏறு சாமி," என்றாள் அம்மா.

"கை வலிக்கும். செங்கல்ல முட்டுக் குடுத்துக்கலாம்."

"செங்கல்லா உன்னயப் பெத்துது? ஏறுங்கறேன்."

ஏறினேன். முக்கால் மணி நேரம் தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டுப் பாசியைத் தேய்த்தேன். இடையில் நான்கு முறை இறங்கி ஏறினேன். ஏணி ஆடவே இல்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. ஆடியிருந்தால் கவனித்திருப்பேன்.

இறங்கி வந்து கை கழுவும்போது அம்மா சொன்னாள். "சனிக்கெழம சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு நட போவோணும். ஒண்ணு மாத்த வேண்டியிருக்குது."

"எத?"

"கடையில வாங்குனத."

"குடு. சாயங்காலம் சேலம் வழியாத்தான போறேன், மாத்திக் குடுத்துட்டுப் போறேன்."

"வேண்டாம். நீ பில்லப் படிப்ப. கடைக்காரங்கிட்ட ரூல் பேசுவ. நானே போய்ச் சிரிச்சுப் பேசி மாத்திட்டு வாரேன்."

அன்று மாலை சேலம் வழியாகத்தான் ஓசூர் போனேன். கையில் முருங்கைக்காய் கட்டு ஒன்று இருந்தது, வேறெதுவும் இல்லை. புதன்கிழமை காலை அம்மா இறந்துபோனாள். வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு, வாளியை ஒழுங்காகக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தவள் எழவில்லை. இதயம் என்றார்கள். ஏழு மாதமாக நான் அளந்துகொண்டிருந்தது வலது கையை.

அம்மாவின் பெயர் குப்பாயி. வயது ஐம்பத்தொன்பது. ராசிபுரத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊர். அப்பா ரிக் வண்டியில் இருந்தார். வருடத்தில் பத்து மாதம் மத்தியப் பிரதேசத்தில் அடுத்தவர் நிலத்தைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்து, எங்கள் குழாயில் தண்ணீர் வருவதில்லை என்பதை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். நான் பத்தாவது படிக்கும்போது அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார்.

அம்மா கோழிப்பண்ணையில் இருபத்திரண்டு வருடம் முட்டை பொறுக்கினாள். கூண்டின் முன்சரிவில் உருண்டு வந்து நிற்கும் முட்டைகளைக் கைக்கு மூன்றாக எடுத்து அட்டையில் அடுக்க வேண்டும். ஒரு அட்டைக்கு முப்பது. ஒரு நாளைக்கு நாலாயிரம் என்று வைத்தால் மொத்தம் மூன்று கோடியைத் தாண்டும். இந்தக் கணக்கை ஒருமுறை அம்மாவிடம் சொன்னேன். "ஒண்ணக்கூட நாம திங்கல பாரு," என்றாள். அது பொய். உடைந்த முட்டைகளை எடுத்துவர அனுமதி உண்டு. ஆனால் அம்மாவின் கையில் உடைவது அபூர்வம் என்பதால் மற்றவர்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் ஆம்லெட் இருந்தது, எங்கள் வீட்டில் மாதம் ஒரு நாள் இருந்தால் அதிகம்.

முட்டை எடுப்பதற்கு ஒரு கை வாகு உண்டு. தொட்ட கணத்தில் கை கொஞ்சம் பின்வாங்க வேண்டும். எதிர்த்தால் ஓடு விரிசல் விடும். அம்மாவுக்கு அது எல்லாவற்றிலும் வந்துவிட்டது. கதவுத் தாழ்ப்பாளைக்கூட அப்படித்தான் போடுவாள். நான் வேகமாக நீட்டும் எதுவும் அவள் கையில் சத்தமில்லாமல் அடங்கிவிடும்.

ஒன்பது வருடம் முன்பு ஊர் நடுநிலைப்பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர் வேலை கிடைத்தது. அங்கேயும் முட்டை. இந்த முறை அவித்து, உரித்து, ஆளுக்கு ஒன்றாகத் தட்டில் வைக்க வேண்டும். பிள்ளைகள் அவளை முட்டை ஆயா என்றார்கள். சமையல்காரி மாரக்காள் அம்மாவைவிடப் பத்து வயது இளையவள், குரல் பத்து மடங்கு பெரியது.

போன ஆடி மாதம், கழுவிவிட்ட சமையல்கூடத் தரையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அவிழ்த்தபோது கை மூடவில்லை. விரல்கள் பாதி தூரம் வந்து நின்றுவிட்டன. டாக்டர் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். அம்மா அமுக்கினாள். பந்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் ஓசூரில் வால்வு செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பொறியாளன். அளக்காமல் எதையும் நம்புவதில்லை. கைப்பிடியின் வலுவை அளக்கும் டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கி அனுப்பினேன். கூடவே பச்சை ஸ்பாஞ்சுப் பந்து ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று. தினமும் மாலை மூன்று முறை அமுக்க வேண்டும், சராசரியை எழுத வேண்டும், ஞாயிறு காலை வீடியோவில் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். முதல் அளவு நாலு புள்ளி ஒன்று கிலோ. அந்த வயதுப் பெண்ணுக்குப் பதினெட்டாவது இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன்.

ஆகவே ஒரு நிபந்தனை வைத்தேன். பொங்கலுக்குள் பதினெட்டு வந்தால் ஊரிலேயே இருக்கலாம். வராவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஓசூருக்கு எங்களோடு வந்துவிட வேண்டும். ஒரு கையை வைத்துக்கொண்டு தனியாக எப்படி இருப்பாள்? அதுதான் காரணம். எங்கள் குழந்தைக்குப் பள்ளி மூன்றரைக்கு விட்டுவிடும், என் மனைவி ஸ்ரீதேவி ஆபீசிலிருந்து வர ஆறரை ஆகும் என்பதும் இருந்தது. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஓசூரில் எங்கள் ஏழாவது மாடி வீட்டில் அம்மா ஒருமுறை பதினோரு நாள் இருந்தாள். பன்னிரண்டாவது நாள் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வாசலில் நின்றாள். "உங்க ஊடு நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா கையிக்கு ஒரு வேலையும் இல்ல. தொட்டாத் தொறக்குது, தொட்டா எரியுது. நா எதுக்கு?"

நிபந்தனையைக் கேட்டதும் வீடியோவில் விரல்களை ஒருமுறை மடக்கிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள். "பதினேழே முக்கால் வந்தா?"

"பதினெட்டும்மா."

"செரி."

வாரா வாரம் படித்துக் காட்டினாள். நாலு புள்ளி ஒன்று. நாலு புள்ளி ஒன்பது. ஐந்து புள்ளி ஏழு. ஆறு புள்ளி ஐந்து. மார்கழியில் பதினாறு புள்ளி இரண்டு. தை பிறக்கும் முன் பதினெட்டு புள்ளி ஆறு. வரைபடம் போட்டுப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட விலகாமல் நேர்கோடு. உதிரிபாகம் அனுப்பும் கம்பெனி இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தால், உட்கார்ந்து எழுதியது என்று சொல்லித் திருப்பி அனுப்புவேன். அனுப்பியிருக்கிறேன். அம்மாவுடையதை ஃபிரேம் போட்டு மேசைமேல் வைக்காததுதான் குறை.

இனி வருவது நான் பார்த்ததல்ல. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அம்மாவிடம் இருந்த சத்துணவுக் கூடத்துச் சாவியை ஒப்படைக்கப் பள்ளிக்குப் போனேன். அங்கே மாரக்காளும், ஏழாவது படிக்கும் தனப்பிரியா என்ற பெண்ணும் சொன்னது. இருவர் சொன்னதும் ஒத்துப்போகும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

கருவி இரண்டாவது வாரமே உடைந்துவிட்டது. அம்மா அதைப் பள்ளிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். யாருக்கு வலு அதிகம் என்று பிள்ளைகள் போட்டி வைத்தார்கள். எட்டாவது படிக்கும் யோகேஷ் இரண்டு கையாலும் அமுக்க, உள்ளே ஏதோ முறிந்து, திரையில் எண்கள் போய்க் கோடுகள் மட்டும் நின்றன.

"அய்யோ, என்ற பையன் என்னய ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிருவானே!" என்று அம்மா தலையில் கை வைத்தாளாம்.

தனப்பிரியாதான் வழி சொன்னாள். "ஆயா, நாலு புள்ளி ஒண்ணுல ஆரம்பிச்சுப் பொங்கலுக்குப் பதினெட்டு வரோணும். அவ்ளோதான? வாரத்துக்கு எவ்ளோன்னு வகுத்துப் போட்டுர்லாம்." வகுத்துப் போட்டுவிட்டாள். மொத்த நோட்டையும் இரண்டு மதியத்தில் எழுதி முடித்துவிட்டார்கள். எழுத்து அம்மாவுடையது, கணக்கு தனப்பிரியாவுடையது. நன்றாகப் படிக்கும் பெண்.

"ஆனா பொங்கலுக்கு அவன் நேர்ல வந்து அமுக்கச் சொல்லுவானே," என்றாளாம் அம்மா.

சத்துணவுக் கூடத்தின் பின்சுவரில்தான் பிள்ளைகள் செவுத்துப் பந்து ஆடுவார்கள். சாப்பிட்டுத் தட்டுக் கழுவியதும் ஆரம்பித்து, மணியடிக்கும்வரை. சுவரை ஒட்டித் தரையில் செங்கல் துண்டால் நான்கு கட்டம். ராஜா, மந்திரி, போலீஸ், திருடன். பந்தை உள்ளங்கையால் அடிக்க வேண்டும். அது முதலில் தரையில் ஒருமுறை பட்டு, பிறகு சுவரில் பட்டுத் திரும்ப வேண்டும். யார் கட்டத்துக்கு வருகிறதோ அவர் அடிக்க வேண்டும். தவறவிட்டால் அவுட். நேராகச் சுவரில் அடித்தால் அவுட். கையில் பிடித்தால் அவுட். அவுட் ஆனவர் திருடன் கட்டத்துக்குப் போக, அவருக்குக் கீழே இருந்தவர்கள் ஒரு கட்டம் ஏறுவார்கள். புதிதாகச் சேர்பவர் யாராக இருந்தாலும் திருடனில்தான் தொடங்க வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. பந்து கிழிந்தால் அன்றைக்கு ராஜாவாக இருப்பவர் புதுப் பந்து வாங்கித் தர வேண்டும்.

ஒன்பது வருடமாக அம்மா அந்த ஆட்டத்தின் எதிரி. பந்து சுவரில் படும்போதெல்லாம் உள்ளே அண்டா மூடிகள் அதிரும். கரண்டியோடு வெளியே ஓடிவருவாள். "ஏண்டா, சோத்துல காரை உழுகுது! உங்க ஊட்டுச் செவுத்துல போய் அடிங்களேன்டா!" இப்போது அதே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து வரிசையில் நின்றாள்.

"என்னக்கா, மண்ட கிண்ட கழண்டு போச்சா?" என்று கேட்டிருக்கிறாள் மாரக்காள்.

"ஒக்காந்து ஸ்பாஞ்ச அமுக்கிட்டு இருந்தாத்தான் மண்ட கழண்டவளாட்டம் இருக்குது. இதுன்னா ஆட்டம்னாவது சொல்லிக்கலாம்."

முதல் நாள் பந்து அவளிடம் வந்தது. அம்மாவின் கை நீண்டது, பின்வாங்கியது, பந்து உள்ளங்கையில் அடங்கியது. விரல் மூடாத கையில்கூட அடங்கியது.

"அவுட்! ஆயா அவுட்!"

"ஏண்டா அவுட்டு? கீழ உடலியே?"

"புடிச்சா அவுட்டு ஆயா. அடிக்கோணும்."

"புடிச்சா அவுட்டா? என்ன ஆட்டம்டா இது, கீழ போடாம புடிச்சவளத் திருடன்ங்கறீங்க!"

இரண்டாம் நாளும் பிடித்தாள். பத்தாம் நாளும் பிடித்தாள். இடது கையால் ஆடிப் பார்த்தாள், அதுவும் பிடித்தது. மூன்று கோடி முட்டை பழகிய கைகளுக்கு உருண்டையாக எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் தெரிந்தது. ஒரு மாதம் அம்மா திருடன் கட்டத்தைவிட்டு நகரவில்லை. மாரக்காள் சமையல்கூடத்து ஜன்னலிலிருந்து தினமும் விசாரிப்பாள்.

"ஏனக்கா, இன்னைக்காச்சும் போலீசு ஆனியா?"

"இன்னைக்கும் திருடந்தான்."

"ஸ்டோர் சாவி உங்கிட்டத்தான் இருக்குது, பாத்துக்கடி யம்மா!"

தனப்பிரியாவுக்கு இது பொறுக்கவில்லை. ஆயா ஓசூருக்குப் போய்விட்டால் யார் வருவார்களோ, புதிதாக வருகிறவர் சின்ன முட்டையாகப் பார்த்துத்தான் வைப்பார் என்று அவளுக்கு ஒரு கவலை இருந்திருக்கிறது. ஒருநாள் காலி அரிசிச் சாக்கை அம்மா வேலியில் போட்டுத் தட்டுவதைப் பார்த்தாள். வருடத்துக்கு எத்தனை சாக்கு வந்ததோ அத்தனையும் தூசி தட்டி, மடித்து, திரும்ப ஒப்படைக்க வேண்டும். அம்மா இடது கையால் சாக்கைப் படார் படார் என்று அறைந்துகொண்டிருந்தாள்.

"ஆயா! இது! இதேதான்!"

"எது?"

"சாக்கத் தட்டறீங்கல்ல, அதைப் புடிக்கறீங்களா? அடிக்கறீங்கதான? பந்தச் சாக்குன்னு நெனச்சுக்குங்க. அந்தக் கையில தட்டுங்க."

"அந்தக் கையி வலிக்குது கண்ணு."

"வலிச்சா ஓசூருங்க ஆயா."

அம்மா வலது கையால் சாக்கைத் தட்டினாள். முதல் நாள் ஐந்து சாக்கு. கண்ணில் தண்ணீர் வந்ததாம். தூசி என்றாளாம். தட்டிய சாக்கையே மறுபடி மறுபடி தட்டினாள். அந்த வருடம் எங்கள் ஊர் பள்ளியிலிருந்து திரும்பிப் போன சாக்குகளைப் போலச் சுத்தமான சாக்குகள் வட்டாரத்திலேயே இருந்திருக்காது.

தீபாவளி கழித்து வந்த வாரம் அம்மா முதல் முறையாகப் பந்தை அடித்தாள். அது சுவரைத் தாண்டி, கூரையைத் தாண்டி, பக்கத்து மரவள்ளிக் காட்டுக்குள் விழுந்தது. அவுட். ஆனால் பிள்ளைகள் கத்திய கத்தலில் தலைமையாசிரியர் மதியழகன் எழுந்து வந்துவிட்டார். மாவுக்கட்டு அவிழ்த்த சமயத்தில், அண்டா தூக்க முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள், வேறு ஆளுக்கு எழுதிப் போடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தவர். இப்போது சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திருடன் கட்டத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, நீங்களுமா?"

"டாக்டர் சொன்னாருங்க சார்."

"டாக்டர் இதையா சொன்னாரு?"

"பந்த அமுக்கச் சொன்னாருங்க. இவனுக அமுக்குனா அவுட்டுங்கறானுக. நா யாரு பேச்சத்தானுங்க கேக்கறது?"

அவர் சிரிக்கவில்லை. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கிறது, சத்தம் போடாமல் ஆடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்டாப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

கார்த்திகையில் அம்மா போலீஸ் ஆனாள். மார்கழியில் மந்திரி. அடிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் பழைய கை வேலை செய்தது. பந்து வேகமாக வரும். எல்லாரும் ஆயா ஓங்கி அடிக்கப்போகிறாள் என்று பின்னால் நகர்வார்கள். கை ஓங்கும், கடைசிக் கணத்தில் பின்வாங்கும். பந்து அடிபட்டதா வைக்கப்பட்டதா என்று தெரியாமல் தரையைத் தொட்டு, சுவரைத் தொட்டு, அங்கேயே செத்துவிழும். யோகேஷ் ஓடிவந்து எட்டுவதற்குள் இரண்டு தடவை குதித்திருக்கும். அதற்குப் பிள்ளைகள் 'முட்டை' என்று பேர் வைத்தார்கள். "ஆயா முட்ட போட்டுட்டாங்க!" என்று கத்துவார்கள். அரையாண்டு விடுமுறைக்கு முந்தின நாள் ஆயா ராஜா ஆனாள். அன்று மாரக்காள் ஜன்னலிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து, முட்டைக் கரண்டியை அம்மாவின் கையில் செங்கோல் மாதிரி கொடுத்துவிட்டுப் போனாள்.

பொங்கலுக்கு நான் போனேன். தொழிற்சாலையிலிருந்து சான்றிதழ் உள்ள கருவியையே எடுத்துப் போனேன். அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, வாங்கி அமுக்கினாள். இருபத்தொன்று புள்ளி மூன்று.

நோட்டில் கடைசி எண் பதினெட்டு புள்ளி ஆறு. வித்தியாசம் இரண்டு புள்ளி ஏழு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. "வீட்டுல இருக்கற கருவி கொறைச்சுக் காட்டுதும்மா. மலிவான கருவில இப்படி வரும்," என்று பத்து நிமிடம் விளக்கினேன். அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அது கெடக்கட்டும். அப்ப நா இங்கயே இருந்துக்கலாமா சாமி?"

"இருந்துக்க."

"எழுதிக் குடு."

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்துக்கொண்டே நோட்டில் தேதி போட்டு, அளவு போட்டு, கையெழுத்துப் போட்டேன். பயிற்சியை விடாமல் செய் என்றேன். விட மாட்டேன் என்றாள். அதில் மட்டும் பொய் இல்லை.

ஆகவே அம்மா ஊரில் இருந்தாள். வாசலில் தண்ணீர் தெளித்தாள். ஓசூரில் என்றால் ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிடத்தில் வரும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். தெளிக்க வாசல் இருந்திருக்காது என்பதையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே தாளில் போட முடியவில்லை.

எடுக்கும் முன் கட்டை விரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டினார்கள். வலது உள்ளங்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தோல் காய்ப்பேறியிருந்தது. கரண்டி பிடித்ததால் என்று நினைத்தேன். கரண்டிக் காய்ப்பு அந்த இடத்தில் வராது என்பது பள்ளிக்கூடத்தில் தனப்பிரியா கையை விரித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. அவளுக்கும் அதே இடத்தில் இருந்தது.

நான் போனது மதியம் ஒரு மணிக்கு. பின்சுவரில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பந்தில் ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. பட்டால் எங்கு போகும் என்று அதற்கே தெரியவில்லை. மூன்று பேர் ஆடினார்கள். ராஜாக் கட்டம் காலி.

"ஆயாவுக்காகவா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மாமா," என்றாள் தனப்பிரியா. "ராஜா ஆனாப் பந்து வாங்கித் தரோணும். அதுதான் எல்லாரும் மந்திரியோட நின்னுக்கறாங்க."

"ஆயா வாங்கித் தர்றேன்னு சொன்னாங்க," என்றான் யோகேஷ். "அவுங்க ராஜாவா இருக்கறப்பத்தான் கிழிஞ்சுது. வாங்கியும் வந்தாங்க. ஆனா..."

"நாஞ்சொல்றேன்," என்று மாரக்காள் குறுக்கே வந்தாள். "தம்பி, நானுந்தான் கூடப் போயிருந்தேன். அந்தச் சனிக்கெழம மொளகா, மல்லி வாங்கலாம்னு செவ்வாய்ப்பேட்டைக்குப் போனோம். அங்க ஒரு கடையில பந்துக நெறயாத் தொங்குது. ஒங்கம்மா என்ன பண்ணுச்சுங்கற? ஒவ்வொண்ணாக் கையில எடுத்து எட பாக்குது. வெளிச்சத்துல திருப்பிப் பாக்குது. காதுகிட்ட ஆட்டிப் பாக்குது. கடைக்காரன் சிரிக்கறான். 'அம்மா, பந்துங்க, முட்ட இல்லீங்க'ங்கறான். கேக்கோணுமே! இருக்கறதுலயே கனமாப் பொறுக்கி ரெண்டு எடுத்துச்சு. கனமா இருந்தாத்தான் நல்லதாமா."

பண்ணையில் அப்படித்தான். கனம் உள்ளதே முதல் தரம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஊர்க்காரப் பையன் ஒருவன் பார்த்துவிட்டு, அது கிரிக்கெட் ஆடும் கெட்டிப் பந்து, கையால் அடித்தால் கை வீங்கிவிடும் என்று சொல்லியிருக்கிறான். அம்மா அதே பஸ்ஸில் தன் கையில் ஒருமுறை அடித்துப் பார்த்து, உதறிக்கொண்டு, "இதுகளுக்கு ஆகாது. வார சனிக்கெழம மாத்தறேன்," என்றாளாம். மறுநாள்தான் ஏணியைப் பிடித்தாள்.

திங்கட்கிழமை பிள்ளைகளிடமும் சொன்னாள். "அஞ்சு நாளு பொறுங்கடா. மாத்திட்டு வாரேன்." செவ்வாய்க்கிழமை கிழிந்த பந்திலேயே ஆடி, ராஜாவாகவே இருந்து, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சாவியை மாரக்காளிடம் கொடுத்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவின் சாப்பாட்டுப் பையைத் தேடினேன். அடியில், காலி டப்பாவுக்குக் கீழே, பச்சைப் பந்து இரண்டு. கூடவே பில். ஏழு நாளைக்குள் பில்லோடு வந்தால் மாற்றித் தரப்படும் என்று அச்சடித்திருந்தது. அவள் சொன்னது சரி, நான் பில்லைப் படித்தேன்.

ஓசூருக்கு எடுத்துவந்து தொழிற்சாலைத் தராசில் வைத்தேன். ஒன்று நூற்றுப் பதினெட்டு கிராம், மற்றது நூற்றுப் பத்தொன்பது. பிள்ளைகளுக்குத் தேவையான சாதாரண டென்னிஸ் பந்து ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வரும். ஒரு நல்ல முட்டையின் எடை. கண்ணை மூடிக்கொண்டு கையில் எடுத்திருந்தால் அம்மாவுக்குச் சரியாக வந்திருக்கும். அன்றைக்கென்று நல்லதாகப் பார்த்து எடுத்துவிட்டாள்.

பந்துகள் என் மேசையில் இருக்கின்றன. அம்மா போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டுவிட்டார்கள். ஜூனில் திறப்பார்கள்.

அந்த நோட்டும் இங்கேதான் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட பக்கத்தைத் திருப்பினால், பின்னால் அம்மாவின் எழுத்தில் ஒரு வரி.

சனிக்கெழம செவ்வாப்பேட்ட. பந்து ரெண்டு மாத்தோணும். லேசா.